கழனியக்கா போன பிறகு

பெரியவளே, சின்னவனே,

சாமி படத்துக்குக் கீழே இருக்கும் கிண்ணத்தில் ஏன் நாலே நாலு கல் கிடக்கிறது என்று நீங்கள் ரெண்டு பேருமே சின்ன வயசில் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அஞ்சாங்கல் என்றால் அஞ்சு இருக்க வேண்டாமா என்று பெரியவள் சண்டைக்கே வந்தாள். ஒன்று தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அது பொய் இல்லை. தொலைந்துதான் போனது. எப்படித் தொலைந்தது என்பதைத்தான் சொல்லவில்லை.

போன வாரம் வாஷிங் மெஷின் குழாயை எலி கடித்து வீடெல்லாம் தண்ணீர் நின்றதே, அன்றைக்குச் சாப்பிடும்போது சின்னவன் ஒரு வார்த்தை சொன்னான். "எல்லாம் கீழ்வீட்டு வடக்கத்திக்காரங்களாலதான்பா. அவங்கள காலி பண்ணிட்டா எலி தானா போயிடும்." மாடியில் இருப்பவர்கள் எல்லோருமே அதைத்தான் பேசிக்கொள்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூடி வீட்டு ஓனரிடம் சொல்லப்போகிறார்கள் என்று பெரியவளும் சேர்ந்துகொண்டாள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. சாம்பார் நன்றாக இல்லையா என்று உங்கள் அம்மா கேட்டாள். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

வாயால் சொன்னால் நடுவில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

உங்களுக்கு ஓர் அத்தை இருந்தாள். என் தங்கச்சி. என்னைவிட மூணு வயசு சின்னவள். அவள் ரெண்டாவது படித்த வருஷத்தில் நடந்தது இது.

அப்போது நாங்கள் கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் இருந்த ஹவுசிங் போர்டு வீடுகளில் இருந்தோம். மூணு மாடி ப்ளாக்குகள், ஒன்றின் முதுகை ஒன்று பார்த்தபடி நிற்கும். எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் அந்த முதுகுப் பக்கம்தான். நடுவில் ரெண்டு ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு சந்து, அதில் திறந்த சாக்கடை. யார்டில் சரக்கு ரயில் வாகன்கள் ஒன்றோடொன்று மோதிக் கோக்கும்போது தட்டு, டம்ளர் எல்லாம் அலமாரியில் கிணுகிணுக்கும். வடக்கே இருந்து காற்று வந்தால் மணலி எண்ணெய் ஆலை வாசனை. கிழக்கே இருந்து வந்தால் கடலும் மீனும். காற்றே இல்லாத நாளில் கழனியக்காவின் வாசனை.

கழனி என்றால் உங்களுக்குத் தெரியாது. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு, காய்த் தோல், வாழைப்பழத் தோல் எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் ஒரு பானையில் போட்டு வாசலில் வைப்போம். அதைச் சேர்த்து எடுத்துப்போய் எருமை வைத்திருப்பவரிடம் கொடுப்பதுதான் கழனியக்காவின் பிழைப்பு. கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள், என் தங்கச்சியின் வகுப்பு.

காலையில் பேரிங் சக்கரம் வைத்த பலகை வண்டியில் தகர டிரம்மை ஏற்றிக்கொண்டு, கரகரவென்று இழுத்து வந்து படிக்கட்டுக்குக் கீழே நிறுத்துவாள். டிரம்மின் மூடியை விரல் முட்டியால் தட்டுவாள்.

"கயினீ... கயினி கீதா யக்காவ்!"

எங்கள் பக்கத்து வாயில் ழகரம் நிற்காது; கீதா என்றால் இருக்கிறதா. அவள் கூப்பிட்டதும் பெண்கள் பானையோடு இறங்குவார்கள். ஒவ்வொரு பானையிலும் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவாள்.

"இன்னா யக்கா, இம்மாஞ் சோறு மீந்துகீது? மாமா கோச்சிகினு துன்னாம பூட்டாரா?"

"நீ கயினிய பாருடி. என் வூட்ட பாக்காத."

"கயினிலதானே யக்கா வூடே தெரியுது."

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. பானையில் ஒரு காகிதமோ, ஊக்கோ, உடைந்த வளையலோ கையில் பட்டால் அவ்வளவுதான். "மாடு துன்னா கொடலு அறுந்து செத்துப்பூடும், ஒனுக்கு இன்னா? ஒயுங்கா பிரிச்சிப் போடு!" என்று படிக்கட்டே அதிரக் கத்துவாள். அவள் வாய்க்குப் பயந்தே எங்கள் ப்ளாக்கில் சோறு ஒரு பானையிலும் காகிதம், தகரம் ஒரு முறத்திலுமாகப் பிரிந்து கிடந்தன. முறத்துக் குப்பை தெருக்கோடி சிமென்ட் தொட்டிக்குப் போகும். இப்போது காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற வண்டி மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று கேட்கும்போது எனக்கு அவள் குரல்தான் காதில் விழுகிறது.

எலி அப்போதும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். யார்டில் சிந்திய கோதுமையைத் தின்று கொழுத்ததெல்லாம் எங்கள் பக்கம் வரும். வீட்டுக்கு வீடு மரப்பொறி. மசால்வடை வைத்தால் கட்டாயம் மாட்டும். மாட்டியதைக் கொல்ல எங்கள் ப்ளாக் ஆட்களுக்கு மனசு வராது; பொறியோடு எடுத்துப்போய் எதிர் ப்ளாக் பக்கம் திறந்து விட்டுவிடுவார்கள். எதிர் ப்ளாக்காரர்களுக்கும் அதே இரக்க மனசு. அவர்கள் எங்கள் பக்கம் கொண்டுவந்து விடுவார்கள். வால் அறுந்த ஓர் எலி, போனதும் வந்ததுமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்டது. "மாமு வந்துகினுகீறாருடா" என்று அதற்கு வழிவிடுவோம்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு காலையோடு நின்றது. முதல் மாடியில் ஒரு கைக்குழந்தையின் கால் கட்டைவிரலை எலி கடித்துவிட்டது. தாய்க்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரத்தம் சொட்ட இறங்கி ஓடியதை எல்லோரும் பார்த்தோம். குழந்தைக்கு ஊசி போட்டுக் கட்டுக் கட்டி அழைத்து வந்துவிட்டார்கள். ஆனால் ப்ளாக்குக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

கழனியக்கா வீட்டு வாசலில் டிரம் இருந்தது. புளித்த வாசனை இருந்தது. எருமைக்காரர் போட்டு வைத்த தவிட்டு மூட்டை உள்ளே இருந்தது. அவள் வாசலில் எலி ஓடுவதைப் பார்க்காதவர்கள் கிடையாது. இதற்குமேல் என்ன வேண்டும்?

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். திருவொற்றியூரில் கம்பெனி வேலை. காக்கிச் சட்டையைத் தானே துவைத்துத் தானே இஸ்திரி போடுவார். ப்ளாக்கில் தண்ணீர்ச் சண்டை என்றாலும் கல்யாணப் பேச்சு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கெட்டவர் இல்லை. அதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கும் அவரைத்தான் முன்னால் நிறுத்தினார்கள்.

"இதோ பாரும்மா, கொயந்தைய எலி கடிச்சிச்சு. நாளைக்கு இன்னொண்ண கடிக்கும். எலிக்குச் சோறு போட்டு வளக்கறதே நீதான்."

கழனியக்கா இடுப்பில் செருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நா எங்க நைனா போடறேன்? நா எட்த்துகினுதானே போறேன்."

"டிரம்மு நாறுது. தவுடு கீது. அதுக்குத்தான எலி வருது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"டிரம்முக்கு மூடி கீது சாமி. மூட்டைய வோணா இன்னிக்கே அனுப்பிட்றேன். பொம்பளப் புள்ளைய வெச்சிகினு நா எங்க பூடுவேன்?"

நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வூட்டுக்காரன்கிட்ட பேசியாச்சும்மா. மாசம் முடியற வரைக்கும் இரு" என்றார். நியாயமாகப் பேசிவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். மாடி ஏறும்போது அம்மாவிடம், "பாவமாதான் கீது. இன்னா பண்றது, பத்து வூட்டுப் புள்ளைங்கள பாக்கணுமே" என்றார்.

அவள் போன அன்று பேரிங் வண்டியில் டிரம்மே கிடையாது. ஒரு பெட்டி, ரெண்டு பாய், கட்டி வைத்த பாத்திரங்கள் மட்டும். அவள் மகள் என் தங்கச்சியிடம் ஒரு சுருக்குப்பையைக் கொடுத்தாள். உள்ளே அஞ்சாங்கல். ரெண்டு பேருமாக ரயில் பாதையில் பொறுக்கி, சிமென்ட் படியில் தேய்த்துத் தேய்த்து நுங்கு மாதிரி வழவழவென்று ஆக்கி வைத்திருந்த ஜல்லிக் கற்கள்.

"நீயே வெச்சிக்கோ. நா திரும்பி வருவேன்ல, அப்ப ஆடலாம்."

"ஒண்ணுகூடத் தொலைக்க மாட்டேன்டி" என்றாள் என் தங்கச்சி.

அடுத்த காலையும் அம்மா பழக்கத்தில் கழனிப் பானையை வாசலில் வைத்தாள். எல்லா வீட்டு வாசலிலும் பானை இருந்தது. யாரும் மூடியைத் தட்டவில்லை. சாயங்காலம் பானை நுரைத்துப் பொங்கியது. நைனா ஷிப்ட் முடிந்து வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாடி இது, இம்மாம் பேஜாரா நாறுது?"

"எங்க கொட்றது? தொட்டி அந்தத் தெருக்கோடில கீது. கயினிய தூக்கிகினு அம்மாந் தூரம் போவ முடியுமா?"

"ஜன்னலாண்ட ஊத்து. காவாய்லதானே வுயும். தண்ணி அட்ச்சிகினு பூடும்."

அம்மா ஊத்தினாள். 'சளக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மேல் வீட்டிலிருந்து இன்னொரு சளக். எதிர் ப்ளாக்கிலிருந்து ஒன்று. சில நாளில் அது எங்களுக்குக் காது கேட்காத சத்தமாகிவிட்டது, வாகன் மோதுகிற சத்தம் மாதிரி. பிறகு எதற்குப் பிரித்துப் போடுவது என்று முறத்துக் குப்பையும் சேர்ந்து விழுந்தது. கழனியக்கா வாசல் சுத்தமாக இருந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் யாரோ கோலம்கூடப் போட்டார்கள். ப்ளாக்கே நிம்மதியாக மூச்சு விட்டது.

எலிகளும் நிம்மதியாகத்தான் இருந்தன. முன்பு எலி ஓடும், இப்போது நடந்தது. பட்டப்பகலில் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து முன்னங்காலில் சோற்றைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகத் தின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் சந்தின் தரையே அசைவது போல இருக்கும். "தொரத்தியும் போவலியே, அவ இன்னாமோ மந்திரிச்சி வுட்டுட்டா" என்று பேசினார்கள். கொட்டுவது யார் கை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் நைனாவுக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. சோறும் புளிச்சக்கையும் கந்தலும் அடைத்துக்கொண்டதால் சாக்கடை நகரவில்லை. சந்து முழுக்கக் கறுப்புத் தண்ணீர். மழை என்று பள்ளிக்கூடம் விட்ட ஒரு மத்தியானம், தங்கச்சி சமையலறையில் உட்கார்ந்து கல் ஆடிக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் இருந்தேன். ஒரு கல்லை அவள் உயரமாகத் தூக்கிப் போட்டிருக்கிறாள். அது ஜன்னல் கம்பியில் பட்டு வெளியே போய்விட்டது.

சளக்.

அவள் எப்போது இறங்கிப் போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பாவாடை தொடைவரை கறுப்பாக நனைந்திருந்தது. முழங்காலில் விழுந்து தேய்த்த பழைய புண் ஒன்று காய்ந்தும் காயாமலும் இருந்தது. அம்மா முதுகில் ரெண்டு வைத்தாள்.

"கலீஜு தண்ணில எறங்குவியா? எறங்குவியாடி?"

"கல்லு கெடைக்கலம்மா" என்றாள் அவள். அடி விழுந்ததற்கு அழவில்லை. கல் கிடைக்காததற்குத்தான் அழுதாள்.

சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. மழைக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். கெண்டைக்கால் வலிக்கிறது, தொடாதே என்று கத்தினாள். பாண்டி ஆடி ஆடி வந்த வலி என்று அம்மா எண்ணெய் தேய்த்தாள். கண் ரெண்டும் செவசெவவென்று இருந்தது. மெட்ராஸ் ஐ என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பிறகு அந்தச் சிவப்பு மஞ்சளாக மாறியது. காமாலை என்று யாரோ சொல்ல, கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். இத்தனை பேரும் அவள்மேல் பிரியமாகத்தான் இருந்தார்கள், பிள்ளைகளே. பிரியத்திலேயே நாள் போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் காலை லேசாக அழுத்திப் பார்த்தார். புண்ணைப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார்.

"வீட்டுப் பக்கம் எலி இருக்கா?"

"இப்ப இருக்கக் கூடாது சார்" என்றார் நைனா. "எலி வளத்துகினு இருந்த வூட்ட காலி பண்ணிட்டோம்."

"தேங்கின தண்ணியில இறங்கினாளா?"

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள்.

"எலி மூத்திரம் கலந்த தண்ணி. புண்ணு வழியா உள்ள போயிருக்கு. எலிக்காய்ச்சல். முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். சீட்டு எழுதிக்கொண்டே, "சாப்பாட்டுக் குப்பையெல்லாம் எங்க கொட்டுவீங்க?" என்று கேட்டார்.

நைனா என் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. உங்களைப் பெற்ற பிறகுதான் புரிந்தது.

தங்கச்சி வீட்டுக்கு வரவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியாது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு ஒரு காலையில் கீழே பேரிங் சக்கரச் சத்தம் கேட்டது. அம்மா அப்படியே எழுந்து படியில் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கழனியக்கா டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடியைத் தட்டவில்லை. மார்க்கெட்டில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வந்திருப்பாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், தினமும் கேட்பதையே கேட்டாள்.

"கயினி கீதா யக்கா?"

அம்மா அவள் தோளில் விழுந்தாள். அம்மா போட்ட சத்தத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தன. யாரும் இறங்கி வரவில்லை.

நைனா மட்டும் இறங்கி வந்தார். அவர் கையில் எங்கள் கழனிப் பானை. அந்தப் பானையை அவர் தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்து நாங்கள் யாரும் சாப்பிடாத சோறு, அதில் கழுத்துவரை இருந்தது. டிரம்மின் மூடியைத் தானே திறந்தார். ஊத்தினார். ஊத்தி முடித்த பிறகும் பானையை வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"திரும்பி வந்துடும்மா. வூட்டுக்காரன்கிட்ட நா பேசறேன்."

"வோணாம் நைனா. கோச்சிகினு சொல்லல. புள்ளைய அங்க திர்வொத்தியூர் ஸ்கூல்ல சேத்துட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வண்டிய தள்ளிகினு நடுவுல நடுவுல வரேன். நீங்க பானைய மட்டும் வெளிய வெச்சிடுங்க. ஜன்னலாண்ட ஊத்தாதீங்க."

அம்மா சுருக்குப்பையை எடுத்து வந்து நீட்டினாள். கழனியக்கா கற்களை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். நாலுதான் இருந்தது. திரும்ப அம்மாவின் கையிலேயே வைத்து மூடினாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா காக்கிக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மூங்கிலும் மண்வெட்டியுமாகச் சந்தில் இறங்கினார். யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகத் தாங்களே வந்தார்கள். சாக்கடை நகர்ந்தது. ஜன்னல்களுக்குக் கொசுவலைக் கம்பி அடித்தார்கள். எலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் பகலில் நடப்பது நின்றது. மற்றவர்கள் வாரியதை அப்படியே கூடையில் தள்ளினார்கள். நைனா மட்டும் ஒவ்வொரு கைச் சேற்றையும் பிசைந்து பார்த்துவிட்டுத்தான் போடுவார். மனுஷன் எவ்வளவு நறுவிசாக வேலை செய்கிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் போய் எத்தனையோ வருஷம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான், அவர் என்ன தேடினார் என்று எனக்கு உறைத்தது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சின்னவனே, நம் கட்டடத்துக்குப் பின்னால் போய்ப் பார். கைக்கு எட்டாத தூரத்தில் இருந்து பார்த்தால் போதும், இறங்காதே. அங்கே கிடக்கும் பைகள் எல்லாம் விழுந்து உடைந்த பைகள். கீழ்வீட்டுக்காரர் எறிந்தால் பை உடையாது. அந்தக் குவியலில் உன் பிறந்தநாள் கேக் வந்த அட்டைப்பெட்டியும் இருக்கிறது. காலை வண்டி போய்விட்டால் நம் வீட்டிலிருந்தும் ஒரு கை ஜன்னலுக்கு நீளுகிறது. யார் கை என்று நான் கேட்கப்போவதில்லை. கீழ்வீட்டில் ஒரு குழந்தை தவழ்கிறது, பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டு ஜன்னல்தான் குவியலுக்கு மிகப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகிறேன். நீங்கள் ரெண்டு பேரும் என்னோடு வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

நேற்று இதுவரை எழுதி மூடிவைத்தேன். இன்று விடிகிற நேரத்தில், நீங்கள் எழுந்திருக்கும் முன்னால், கம்பூட்ஸும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு பின்பக்கச் சந்துக்குப் போனேன். போகும்போது, மூடி உள்ள ஒரு பெயின்ட் வாளியைக் கழுவி நம் வாசலில் வைத்துவிட்டுப் போனேன். இனி நம் வீட்டுச் சோறும் தோலும் அதில்தான். பைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டேன். அடியில் கறுப்புச் சேறு இருந்தது. அள்ளினேன்.

இது வேறு ஊர். வேறு சந்து. இங்கே அந்தக் கல் இருக்க வழியே இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கைச் சேற்றையும் விரலுக்கு நடுவில் பிசைந்து பார்த்துவிட்டுத்தான் சாக்கில் போட்டேன்.